லோஜினியின் தூக்கம் பற்றி மச்சானுக்கு

கீழ்ப் பிரிவு லயம்,
ரம்புக்கனை.
ஞாயிற்றுக்கிழமை, பகல்.

வத்தளையில் இருக்கும் அன்பு மச்சான் யோகராஜ் அவர்களுக்கு, செல்லத்துரை எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம், உங்கள் அக்கா புஷ்பம் சுகம், கோழிகள் மூன்றும் சுகம். லோஜினியைப் பற்றித்தான் இந்தக் கடிதமே என்பதால் அவளை இந்த வரியில் சேர்க்கவில்லை. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மன் துணையிருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் உள்ளறை ஒன்று, முன்னறை ஒன்று என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளறையில் மகள் தூங்குகிறாள், அல்லது தூங்கப் பார்க்கிறாள். முன்னறையில் நான் ஹலோ என்றால் அது வத்தளைக்குப் போவதற்கு முன்னால் உள்ளறைக்குப் போய்விடும். தவிர, போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே "சரி மச்சான், சரி மச்சான்" என்று வைத்துவிடுவீர்கள். கடுதாசியை அப்படி வைக்க முடியாது.

நீங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லி வாங்கித் தந்த கையுறை பெக்டரி வேலையில் லோஜினி சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. முப்பத்தைந்து வருஷம் றப்பர் மரத்தில் பால் வெட்டியவனுடைய மகள், அதே பால் கையுறையாக மாறுகிற இடத்தில் ஏசி காற்றில் நிற்கிறாள் என்று நான் லயத்தில் வரிசையாக எல்லா வீட்டிலும் சொல்லி வைத்தேன். ஏசி இல்லை, அடுப்புச் சூடு என்று அவள் சொன்னாள், அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே வேலை என்னவென்றால், வெள்ளைப் பீங்கானில் செய்த கைகள் வரிசையாகச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வருமாம், பாலில் முங்கிக் காய்ந்து இவளுக்கு முன்னால் வரும்போது உறையை விரல் நுனியில் பிடித்து உரித்து எடுக்க வேண்டுமாம், எடுத்து முடிப்பதற்குள் அடுத்த கை வந்து நிற்குமாம். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். முதல் இரண்டு மாதம் நல்லபடியாகத்தான் போனாள். மூன்றாவது மாதத்தில், இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவள் பத்து மணிக்கே எழுந்து வந்து, "அப்பா, இன்னைக்கு என்னா கெழம" என்று கேட்டாள். வெள்ளி என்றேன். "காலையா சாயந்தரமா" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அது வேடிக்கைக்குக் கேட்டது என்று நினைத்துவிட்டேன் மச்சான்.

பகலில் அவளுக்குத் தூக்கமே பிடிப்பதில்லை என்று பிறகுதான் தெரிந்தது, அதற்குக் காரணம் சத்தம்தான் என்று நானே முடிவு செய்தேன். பென்ஷன்காரனுக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளறை ஜன்னலுக்கு உரச்சாக்கு இரண்டை மடித்து ஆணி அடித்தேன், அந்த ஆணி அடித்த சத்தத்தில் அவள் எழுந்துவிட்டாள், ஆனால் அது ஒரு நாள் சத்தம்தானே. பிறகு பேக்கரிப் பாண் விற்க வருகிற சூன் பாண் ஓட்டோ. பத்தரை மணிக்குப் பாட்டைப் போட்டுக்கொண்டு வளைவில் ஏறும். அதை ஓட்டும் சுனிலை மறித்து, தம்பி, இந்த வளைவு தாண்டும்வரை பாட்டை நிறுத்திடுங்க, மகள் இரவு வேலை என்று சிங்களத்தில் கேட்டேன். நல்ல பையன், "ஹரி அங்கிள்", சரி என்று சொல்லி உடனே நிறுத்திவிட்டான். மறுநாள் ஓட்டோ சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போய்விட்டது, லயத்தில் ஒருவருக்கும் பாண் இல்லை. பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் என் வாசலில் வந்து நின்று ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள், அந்தச் சத்தத்திலும் அவள் எழுந்துவிட்டாள். முடிவில் என்ன ஆயிற்று என்றால், பாணை எல்லாம் நான் வளைவிலேயே வாங்கி, ஒரு கூடையில் போட்டு, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டாமல், "பாண், பாண்" என்று ரகசியம் மாதிரிச் சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போதும் அதைத்தான் செய்கிறேன். சின்னப் பிள்ளைகள் என்னைப் பாண் தாத்தா என்கிறார்கள், அதையும் மெதுவாகச் சொல்லப் பழகிவிட்டார்கள்.

அடுத்தது கோயில். திருவிழாவுக்குக் கட்டிய லவுட்ஸ்பீக்கர் எங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. கமிட்டித் தலைவர் கிருஷ்ணராஜிடம் போய், அம்மனுக்குக் காது நல்லாத்தானே கேக்குது, இவ்வளவு எதுக்கு என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. குழாயை மலைப்பக்கம் திருப்பி வைத்தார். மலைப்பக்கம் தோட்டத்துத் துரையின் பங்களா இருப்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு அம்மன் பாட்டு நேராகத் துரையின் படுக்கை அறைக்குப் போயிருக்கிறது. துரை ஆள் அனுப்ப, கிருஷ்ணராஜ் என்னைக் கைகாட்ட, நான் பங்களா வாசலில் போய் நின்று மகளுடைய ஷிப்ட் விவரம் முழுவதையும் சொன்னேன். துரை கொட்டாவி விட்டபடியே கேட்டார். "எனக்கும் தூக்கம் வர்றதில்ல" என்றார். அதற்கு நான் என்ன செய்ய. லவுட்ஸ்பீக்கரையே கழற்றி வைத்துவிட்டார்கள். இந்த வருஷம் அம்மன் கையில் பிடிக்கும் மணியோடுதான் ஊர்வலம் போனாள்.

இப்படியாக ஒரு புதன்கிழமை மத்தியானம் கீழ்ப் பிரிவு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அப்படி ஒரு அமைதியை நான் இந்த அறுபத்திரண்டு வயதில் கேட்டதில்லை. றப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற காலம், ஒவ்வொரு இலையும் கீழே வந்து சேர்வது தனித்தனியாகக் கேட்டது. வெயில் மரங்களுக்கு நடுவில் பால் மாதிரி நின்றது. நான் வாசற்படியில் உட்கார்ந்து காவல் காத்தபடியே கண் அயர்ந்திருக்கிறேன், திடுக்கிட்டு விழித்தபோது இது பகலா, நிலா வெளிச்சமா என்று எனக்கே தெரியவில்லை, சரி, நமக்கே இப்படி என்றால் பிள்ளை உள்ளே சுகமாகத் தூங்கும் என்று சந்தோஷப்பட்டு மெதுவாக எட்டிப் பார்த்தேன். இருட்டில் பாயில் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது.

"தூங்கலையாம்மா" என்றேன்.

"இல்லப்பா."

"எங்கயாச்சும் சத்தமா?"

"சத்தமே இல்லயேப்பா. அதான் பயமா இருக்கு. சத்தம் இருந்தா அதக் கேட்டுக்கிட்டு கெடப்பேன். இல்லன்னா கை வருது."

"என்னா கை?"

"பெக்டரி கைதான். கண்ண மூடினா வரிசையா வருது. உரிச்சு முடிக்க முடியல."

நான் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன் மச்சான். இந்தக் கையை எந்த வளைவில் போய் மறிப்பது, எந்தக் கமிட்டியிடம் சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை.

அதன் பிறகு நானும் அவளுடைய நேரத்துக்கே மாறிப் பார்த்தேன். பிள்ளை தனியாக விழித்திருக்க வேண்டாம் என்றுதான். அவள் வரும்வரை விழித்திருந்து, அவள் படுக்கும்போது படுத்து, இரவு ஷிப்ட் வாரங்களில் சாயந்தரம் பல் விளக்கி, ஆறு மணிக்குக் காலைத் தேத்தண்ணி குடித்தோம். காலையில் வேலைக்குப் போய் மத்தியானம் வருகிற உங்கள் அக்கா, இரண்டு பேரும் பேய் மாதிரி இருட்டறையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "நான் ஒருத்திதான் இந்த வூட்ல பகல்ல இருக்கேன்" என்று சொன்னாள். மூன்றாவது வாரம் டவுனுக்கு முடி வெட்டப் போன நான் சலூன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். மீசை எப்படி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், நான் தூக்கத்தில் தலையை ஆட்டியிருக்கிறேன். நாற்பது வருஷ மீசை போய்விட்டது. வீட்டுக்கு வந்தபோது எங்கள் லயத்து நாயே குரைத்தது, உங்கள் அக்கா யார் வேணும் என்று கேட்டாள். லோஜினி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தாள், சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று நானும் அவளுடைய அம்மாவும் கவனிக்கவில்லை. அரைமணி நேரம் அழுதாள். எதுக்கும்மா என்று கேட்டால், "தெரியலப்பா, மீசைக்காக இல்ல" என்றாள்.

இதற்குள் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது, அது எங்களுக்குத் தெரியாது. பெக்டரி ஆட்களை ஏற்றிப் போகிற வேனை ஓட்டும் நிலாம், மாவனல்லைப் பையன், ஒருநாள் ரோட்டில் என்னைக் கண்டு வேனை ஓரம் கட்டினான். "மாமா, தங்கச்சி ஏன் எப்பவும் ஸ்டேஷன்ல எறங்குது" என்று கேட்டான். இரவு ஷிப்ட் வாரங்களில், காலையில் ஓவர்டைம் என்று லோஜினி எங்களிடம் சொன்ன நாட்களில் எல்லாம், வேனை விட்டு ரம்புக்கனை ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறாள். அடுத்த நாள் நான் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்சல் கட்டுகளுக்குப் பின்னால் நின்றேன். மீசை இல்லாததால் என்னை அங்கே யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, அது ஒரு வசதி. வந்தாள். கண்டிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கட் எடுத்தாள். யாராவது பையனாக இருக்கும் என்றுதான் நினைத்தேன், அதற்கு என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகையும் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. ரயில் வந்தது, ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினாள். நானும் ஓடிப் போய் ஏறி எதிரில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை. கனவில் வந்த ஆளைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு, "பக்கத்துல ஒக்காருங்கப்பா, ஆட்டம் கொறைவா இருக்கும்" என்றாள். ரயில் நகர்ந்து இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டாள்.

மச்சான், அந்தப் பயணத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்த ரயில் மலையில் அவசரமே இல்லாமல் ஏறுகிறது. பக்கத்தில் பாறை, பாறையில் தண்ணீர் வடிகிறது, மறுபக்கம் கீழே மேகம். மலையைக் குடைந்த குகைக்குள் போனால் பெட்டி முழுக்க இருட்டு, வெளியே வந்தால் பச்சை வெளிச்சம், பிறகு திரும்ப இருட்டு. நாலு நிமிஷத்துக்கு ஒரு பகலும் ஒரு இரவும் வந்து போகிற மாதிரி இருந்தது. பலனவில் ஒருவர் கடலை விற்றுக்கொண்டு போனார், கடுகண்ணாவையில் ஒரு பள்ளிக்கூடமே ஏறிப் பாட்டுப் பாடியது. நான் பாணை ரகசியமாக விற்று, அம்மனை மணியோடு அனுப்பிக் காப்பாற்ற நினைத்த தூக்கத்தை, என் மகள் அத்தனை சத்தத்துக்கும் நடுவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பாதி வழியில் தூக்கத்திலேயே என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எடுத்து, என் ஒவ்வொரு விரலின் நுனியையும் பிடித்து மெதுவாக உரிக்கத் தொடங்கினாள். சின்ன விரலில் இருந்து பெருவிரல் வரைக்கும். முடிந்ததும் முதலில் இருந்து. நான் கையை இழுக்கவில்லை. எதிரில் இருந்த ஒரு சிங்கள அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிள்ளைக்குச் சுகமில்லையா என்று கேட்டார். வேலை என்றேன். அவர் தலையை ஆட்டினார். கண்டியில் இறங்கிப் பிளேன்டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினோம். இறங்குகிற நேரம்வரை தூங்கினாள். இப்படி ஆறு தடவை தனியாகப் போய் வந்திருக்கிறாள், ஏழாவது என்னோடு.

அன்றைக்கே உங்கள் அக்கா முடிவு செய்துவிட்டாள். சிரப் ஏதாவது வாங்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாவனல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே டாக்டர் றம்ஸான் டிஸ்பென்சரி வைத்திருக்கிறார், தமிழில் பேசலாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நான் சத்தங்களின் பட்டியலைச் சொல்லத் தொடங்கியபோது, "வாப்பா, நீங்க கொஞ்சம் இருங்க, மகள் பேசட்டும்" என்று என்னை நிறுத்தினார். பிறகு அவளிடம், உயிரோட இருக்க வேணாம்னு எப்பவாவது தோணியிருக்கா மகள் என்று, தலைவலி இருக்கா என்று கேட்பது போல் சாதாரணமாகக் கேட்டார். இது என்ன கேள்வி என்று நான் எழுந்தேன், உங்கள் அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அப்படி இல்ல டாக்டர். ஆனா ட்ரெயின்ல இருந்து எறங்காமலே போய்க்கிட்டு இருந்தா நல்லாருக்கும்னு தோணும்" என்றாள் லோஜினி.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "இது பைத்தியமும் இல்ல, சோம்பலும் இல்ல" என்றார். "ஒடம்புக்குன்னு ஒரு நேரம் இருக்கு. அத வாரத்துக்கு ஒருக்காப் புடுங்கி வேற எடத்துல நட்டா எப்படி வேர் புடிக்கும். மனசு களைச்சுப் போயிருக்கு. களைச்ச மனசுக்கும் வைத்தியம் இருக்கு." ஒரு மாத லீவுக்குக் கடிதம் கொடுத்தார், டவுன் ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்கும் ஒரு கடிதம் கொடுத்தார். இரண்டாவது கடிதத்தில் கிளினிக் பெயர் வெளியே தெரியாதபடி நான் உள்பக்கமாக மடித்து வைத்தேன். உங்கள் அக்கா அதை வாங்கி, பெயர் வெளியே தெரிகிறபடி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் நம் ஆட்கள் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தாள். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக்குக்குப் போகிறோம். அங்கே ஒரு கவுன்சலிங் மிஸ் அவளோடு உட்கார்ந்து பேசுகிறார், நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். என்ன பேசினீங்க என்று கேட்கக் கூடாதாம். கேட்கவில்லை. கஷ்டமாகத்தான் இருக்கிறது.

லீவு வருகிற வெள்ளியோடு முடிகிறது. இப்போது பிள்ளை எவ்வளவோ தேவலை. இரவில் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறாள், நேற்றைக்குச் சோற்றை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள், கைகள் வருவது வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைந்திருக்கிறது. ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், சூப்பர்வைசரைக் கண்டு, இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், முடிந்தால் இரவு வாரத்தை மட்டும் தள்ளிக் கொடுங்கள், முடியாவிட்டாலும் பரவாயில்லை, செல்லத்துரையின் மகள் திங்கட்கிழமை நிச்சயம் வருவாள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் பட்ட சிரமம் வீணாகக் கூடாது. உங்கள் பெயருக்கு எங்களால் ஒரு இழுக்கு வரக் கூடாது. ஜன்னலுக்கு இன்னொரு சாக்கும் தேடி வைத்திருக்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகள் இரண்டும் நல்லாப் படித்து, பகலில் வேலை செய்து இரவில் தூங்குகிற உத்தியோகங்களாகப் பார்த்துப் போக மாமாவின் ஆசீர்வாதம். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள மச்சான்
செல்லத்துரை

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்காகச் சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது லோஜினி வாசற்படியில் உட்கார்ந்து கடுதாசியை வாசித்துக்கொண்டிருந்தாள். ஆறு பக்கத்தையும் வாசித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள், எந்த இடம் என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். முடித்துவிட்டு, "எல்லாம் எழுதியிருக்கீங்கப்பா. நான் சொன்னத மட்டும் எழுதல" என்றாள்.

உண்மைதான் மச்சான். டாக்டரிடம் போய் வந்த மறுநாள், தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தவள், "நான் இனி அங்க போகமாட்டேன்ப்பா" என்று சொன்னாள். தூக்கத்தில் சொல்லவில்லை, நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் கேட்காத மாதிரித் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று ஒரு பயம். லயம் முழுக்கப் பெருமையாகச் சொன்னதை எப்படித் திருப்பிச் சொல்வது என்று ஒரு வெட்கம். அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

ஆகவே மேலே கேட்டதை நீங்கள் செய்ய வேண்டாம். சூப்பர்வைசரைப் பார்க்கவும் வேண்டாம், ஏனென்றால் போன புதன்கிழமையே நிலாமின் வேனில் போய் வேலையை விடுகிற கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்குத் தெரியுமாம். நிலாமுக்கும் தெரியுமாம். எனக்குத்தான் இப்போது தெரிகிறது. அடுத்து என்ன செய்வாய் என்று கேட்டேன். "மொதல்ல தூங்குறேன்ப்பா. பெறகு சொல்றேன்" என்றாள்.

அப்படியென்றால் இந்தக் கடுதாசியைக் கிழித்துவிடவா என்று கேட்டேன். தாள்களை ஒழுங்காக அடுக்கி மடித்து என் கையில் கொடுத்தாள்.

"வேணாம், அனுப்புங்க. நான் எப்படி இருந்தேன்னு நம்ம ஆள் ஒருத்தருக்காச்சும் தெரியணும்ல."

அனுப்புகிறேன் மச்சான்.